நீமா கேட்ட மூன்றாம் பக்கம்

நீமா ஆள்காட்டி விரலைத் திரையின் மேல் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

"இது என்ன?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் டெஸ்டிங் அறை. மணி பதினொன்றரை இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து ஷெட்டில் தகடு வெட்டும் சத்தம். மேஜை மேல் நாங்கள் தயாரிக்கும் சோலார் பம்ப் பெட்டி திறந்து கிடந்தது. அதன் சின்னத் திரையில் மூன்று பக்கங்கள். முதல் பக்கம் பம்ப் ஓடுவதைக் காட்டும். இரண்டாம் பக்கம் கோளாறுகளைக் காட்டும். மூன்றாம் பக்கத்துக்குப் போனால் நான்கு இலக்க எண் ஒன்றைக் கேட்கும். எண் தெரியாவிட்டால் திறக்காது.

எனக்குத் தெரியும். அந்த எண்ணைப் போட்டவளே நான்தான்.

"அது ஃபாக்டரி செட்டிங். உங்களுக்குத் தேவைப்படாது" என்றேன்.

அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் நோட்டைத் திறந்து, மூன்றாம் பக்கம் என்று எழுதி, அதற்கு எதிரே ஒரே ஒரு சொல்லை எழுதினாள். ஸ்வாஹிலி மொழி. என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"தேவையில்லை என்று. நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்."

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். அவளுக்கும் அது அடுத்தவர் மொழி, எனக்கும் அப்படித்தான். ஆனாலும் அந்த வாக்கியம் மட்டும் நேராக வந்து தைத்தது.

"டீ சொல்லிவிட்டு வருகிறேன்" என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். டீ சொல்ல மேஜையிலேயே போன் இருந்தது.

ஒரு வாசகியின் புகார்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி காட்டுப்பாக்கத்திலிருந்து எழுதியிருந்தார். "ஆவடி குவார்ட்டர்ஸைப் பத்தி எழுதுறீங்க, மின்சார ரயிலைப் பத்தி எழுதுறீங்க, இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தீங்கன்னு மட்டும் சொல்லவே மாட்டேங்கிறீங்களே?"

நியாயமான புகார். சொல்லிவிடுகிறேன்.

சூரிய ஒளித் தகட்டிலிருந்து வரும் மின்சாரம் ஒரே சீராக இருக்காது. மேகம் ஒன்று கடந்தால் குறையும், உச்சி வெயிலில் ஏறும். மோட்டாருக்கு இந்தச் சஞ்சலம் ஆகாது. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து சமாளிப்பதுதான் எங்கள் பெட்டி. வெளிச்சம் குறைந்தால் மோட்டாரை மெதுவாக்கும். கிணறு வற்றிவிட்டால் நிறுத்தும். எந்த மோட்டார், எவ்வளவு சூடு தாங்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. மற்ற இரண்டு பக்கங்களும் வெறும் பார்வைக்கு.

என் அம்மா சொல்வாள், "உமாவுக்கு நாற்காலி ஒத்துக்காது" என்று. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். நிலையில்லாத மின்சாரத்தோடு நான் இவ்வளவு காலம் குப்பை கொட்டியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நீமா தான்சானியாவிலிருந்து வந்தவள். கடலை விட்டு வெகு தூரம் உள்ளே இருக்கும் ஒரு மாவட்டத்தில் குடிநீர்த் துறை எலக்ட்ரீஷியன். முப்பத்தைந்து வயது இருக்கும். வெளிநாட்டு உதவி நிதி ஒன்றின் ஏற்பாடு. நாங்கள் பெட்டிகளை அனுப்ப வேண்டும், அங்கேயே அவற்றைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் அவளுக்கு மூன்று வாரம் கற்றுத்தர வேண்டும். கொரோனா முடிந்து ஊர் மறுபடி மூச்சு விட ஆரம்பித்திருந்த சமயம் அது.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை ஃபிளாட்டில் தங்க வைத்திருந்தோம். கைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் வைத்திருப்பாள். முதல் நாள் ஃபிளாட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியை இறக்கி வைப்பதற்கு முன்பே சுவரில் இருந்த பிளக் பாயிண்டைச் சோதித்துப் பார்த்தாளாம். "எர்த் இல்லை" என்று எனக்கு மெசேஜ் வந்தது. எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

அவள் வருவதற்கு முதல் நாள் எங்கள் முதலாளி கோபாலன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"போர்டு மாத்தக் கத்துக்குடு, வயரிங் கத்துக்குடு. மூணாவது பக்கம் மட்டும் வேண்டாம் உமா."

"சரி சார்" என்றேன். யோசிக்கவே இல்லை. அதைத்தான் இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஹென்ரிக் தண்ணீர் குடித்தார்

ஏனென்றால் எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பத்துப் பேர் இருந்த கம்பெனி. ஐரோப்பாவில் ஒரு நிறுவனத்திடம் உரிமம் வாங்கி, அவர்களுடைய வரைபடத்தை வைத்து இங்கே பெட்டி செய்ய ஆரம்பித்தோம். சொல்லிக்கொடுக்க ஹென்ரிக் என்று ஒருவர் வந்தார். நல்ல மனிதர். இடியாப்பத்தைக் கையால் பிய்த்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, கீழே உட்கார்ந்து ஒவ்வொரு வயரையும் தொட்டுக் காட்டினார்.

ஆனால் உள்ளே ஓடும் புரோகிராமைப் பற்றி நான் கேட்டால் மட்டும் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிடுவார். நிதானமாகக் குடிப்பார். மூடியைத் திருகுவார். "அதை எங்கள் பக்கத்தில் பார்த்துக்கொள்வோம்" என்பார்.

அந்த வருஷச் சித்திரையில் திருவள்ளூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து போன் வந்தது. முனிரத்தினம் என்ற விவசாயி. கத்தரி போட்டிருந்தார். நானும், எங்கள் அசெம்பிளிப் பிரிவு டில்லிபாபுவும் வேனில் போனோம்.

பெட்டி காலையில் ஓடியது. பதினோரு மணிக்கு ஓடியது. பன்னிரண்டுக்கு மேல் தானாக நின்றது. மூன்றரைக்குத் திரும்ப ஓடியது. இப்படியே தினமும். உள்ளே ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போனால் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் ஊரில் பெட்டி அந்தச் சூட்டைத் தொடவே தொடாது. இங்கே மத்தியானம் ஆனாலே தாண்டிவிடும்.

முனிரத்தினம் பெட்டிமேல் ஈரக் கோணி போட்டிருந்தார். பக்கத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அரைமணிக்கு ஒருமுறை அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி போடுவது மாதிரி.

"வெயிலு இருந்தா தண்ணி வரும்னு சொல்லித்தானம்மா வெச்சீங்க?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். "வெயிலு வந்தாத்தான் நின்னுபோவுது."

அந்த ஓர் எண்ணை மாற்றினால் போதும். எங்களால் மாற்ற முடியாது. ஐரோப்பாவுக்கு மெயில் அனுப்பினோம். அலுவலகம் விடுமுறையில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தது. உண்மையான பதில் வந்து சேர்ந்தபோது கத்தரியில் பூவெல்லாம் உதிர்ந்து, செடி காய்ந்து நின்றது.

திரும்பி வரும்போது வேனில் டில்லி சொன்னான்: "பொட்டிய நம்மகைல குட்த்துட்டு சாவிய அங்கியே வெச்சிகினான் பாத்தீங்களா மேடம்."

கோபாலன் சார் அன்றைக்கே முடிவு செய்தார். சொந்தமாக எழுதுவோம் என்று. எழுதினோம். எத்தனை போர்டு கருகியது என்று கணக்கே இல்லை. கருகிய போர்டின் வாடை என் புடவையில் ஏறி, ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் "ஏதோ தீயுதே" என்று எழுந்து பார்ப்பார்கள். இரண்டு கோடை கடந்த பிறகுதான் எங்கள் சொந்தப் பெட்டி மத்தியான வெயிலில் நிற்காமல் ஓடியது. முனிரத்தினத்தின் நிலத்தில்தான் முதலில் வைத்தோம்.

பிறகு ஏன் பூட்டு என்று கேட்பீர்கள். எங்களிடம் வேலை பார்த்த ஒருவர் எங்கள் போர்டை அப்படியே பிரதி எடுத்து இரண்டு தெரு தள்ளி விற்க ஆரம்பித்தார். சாருக்கு அது பெரிய அடி. ஒரு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் பூட்டு. சாரைக் குறை சொல்ல எனக்கு அன்றைக்கும் வாய் வரவில்லை.

டீக்கடையில்

டெஸ்டிங் அறையிலிருந்து ஓடிவந்த என்னை டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டு, கதையில் எங்கெங்கோ போய்விட்டேன். டில்லி அங்கே இருந்தான். முடி பாதி நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் அப்படியே.

"இன்னா மேடம், மொகம் ஒரு மாரி கீது?"

"ஒண்ணும் இல்ல டில்லி."

"அந்தம்மா மூணாம் பக்கத்த கேட்டுச்சா?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நேத்தே என்னிய கேட்டுச்சு. எனக்குத் தெர்யாதுன்னுட்டேன். நெசமாவே எனக்கு நம்பர் தெர்யாதே. ஆனா அது நம்பல. கண்ணப் பாத்தாத் தெர்யுது." டம்ளரை வைத்தான். "நீங்க இன்னா சொன்னீங்க?"

"தேவைப்படாதுன்னு சொன்னேன்."

டில்லி என்னைப் பார்க்காமல் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குள் போய்விட்டான்.  டீ பாதியில் இருக்க நேராக சாரின் அறைக்குப் போனேன்.

"அவங்க கேக்கறாங்க சார்."

"கேப்பாங்க."

"அங்க வேற கம்பெனி மோட்டார் மாட்டினா செட்டிங் மாத்தணும். ஒவ்வொரு தடவையும் நம்மளக் கேக்க முடியுமா?"

"கேக்கட்டும். நாம உடனே பதில் சொல்லுவோம். நாம ஒண்ணும் லீவுல போக மாட்டோம்." அவரும் அந்தச் சித்திரையை மறக்கவில்லை என்று புரிந்தது. "போர்ட காப்பியடிச்சாங்களே, அந்த ஒரு தடவை பட்டது போதும் உமா. இன்னொரு தடவை தாங்காது."

உட்கார், இல்லையென்றால் நட

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் சமையலறை அலமாரியில் இருந்த எல்லா டப்பாவையும் இறக்கித் துடைத்தேன். துடைத்து ஏற்றியதை மறுபடி இறக்கினேன். ஆவடி ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்த என் கணவர் வாசல்படியில் நின்றே பார்த்தார்.

"உக்காரு. இல்லேன்னா நட. ரெண்டுல ஒண்ணு பண்ணு. எனக்குத் தலை சுத்துது."

நடந்தேன். திருநின்றவூர் ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன். ரகசியமாக நீமாவிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை. அப்படிச் சொன்னால் நான் நல்லவள், சார் கெட்டவர் என்று ஆகிவிடும். அது உண்மை இல்லை. அந்தப் பூட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் போட்டோம். திறந்தாலும் அவர் எதிரில் திறக்க வேண்டும்.

அடுத்த நாள் முழுக்க நீமா மூன்றாம் பக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. போர்டு மாற்றினாள், வயர் முறுக்கினாள், மத்தியானம் தயிர்சாதத்துக்கு என் மோர்மிளகாயைக் கேட்டு வாங்கிக் கடித்தாள். அவள் கேட்காமல் இருந்தது, கேட்டதைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது.

கையெழுத்து

வெள்ளிக்கிழமை ஒரு படிவம் வந்தது. உதவி நிதிக்காரர்கள் அனுப்பியது. 'தொழில்நுட்பம் முழுமையாகக் கற்றுத் தரப்பட்டது' என்று ஒரு வரி. கீழே கற்றுத் தந்தவர் கையெழுத்து, கற்றுக்கொண்டவர் கையெழுத்து. இரண்டும் இருந்தால்தான் பெட்டிகள் கப்பலேறும். நீமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம்.

சாரின் அறையில் நாங்கள் மூன்று பேர். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

நான் எடுக்கவில்லை.

"உமா, கையெழுத்துப் போடு."

"முடியாது சார். முழுமையான்னு இருக்கு."

"ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டுத் தொங்காத."

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சார் கையெழுத்துக் கேக்கறாங்க. நான் அவங்க நோட்டுல ஒரு பொய்ய எழுத வெச்சிருக்கேன். இன்னொண்ண என் கையால எழுத முடியாது."

என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே தலைகள் திரும்பின. நாங்கள் பேசியது தமிழ். ஆனால் நீமாவுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். பிறகு அவளும் பேனாவைத் தொடவில்லை.

"சார், எங்கள் மாவட்ட ஸ்டோர் ரூமைப் பற்றிச் சொல்லவா?" என்று நிதானமாக ஆரம்பித்தாள். "அங்கே மூன்று நாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. எல்லாம் நல்ல பெட்டிகள். கொண்டுவந்தவர்களும் நல்லவர்கள், எங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுகூட இப்போது ஓடவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஏதோ ஒரு பக்கம் எங்களுக்குத் தேவைப்படாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிளார்க் அவற்றின் மேல் ஃபைல் அடுக்குகிறார். நான்காவது நாட்டுப் பெட்டிக்கு அங்கே இடம் இல்லை."

 கோபாலன் சார் எழுந்தார். ஏசியை அணைத்தார். மறுபடி போட்டார். என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"நீ ஏற்கெனவே நம்பரச் சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

"சொல்லியிருந்தா எனக்கு ஈஸியா இருந்திருக்கும். உம்மேல கோவப்பட்டுட்டு விட்டுருப்பேன். இப்ப நான்ல முடிவு பண்ணணும்."

ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அது நின்று, கிளீனர் இறங்கி, கதவைத் திறக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நாள் முழுசா."

"நாளைக்கு வெச்சுக்கோங்க. உள்ளே இருக்கிற புரோகிராம் கிடையாது. செட்டிங் அத்தனையும் சொல்லிக்குடு." அறையை விட்டு அவரே வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை

அன்றைக்கு மாதிரி நான் எப்போதும் சொல்லிக்கொடுத்ததில்லை. காலை எட்டு மணிக்கு நீமா முன்னால் நான்கு இலக்கங்களையும் சத்தமாகச் சொன்னேன். அவள் அழுத்தினாள். திறந்தது. பிறகு நாள் முழுக்க ஒவ்வொரு வரியாக. எந்த எண்ணைக் கூட்டினால் என்ன ஆகும், எதைத் தொட்டால் மோட்டார் சாகும், எதை எதற்காகவும் தொடக்கூடாது. மத்தியானம் தெரிந்தே ஒரு எண்ணைத் தப்பாகப் போடச் சொன்னேன். 'பட்'டென்று ஒரு சத்தம், பழைய வாடை, மெல்லிய புகை. டில்லி ஓடிவந்து பார்த்தான். "போச்சா? செரி, இனிமே அந்தம்மாவுக்கு மறக்காது" என்றான்.

மாலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கோபாலன் சார் அன்று கம்பெனிக்கு வரவில்லை.

திங்கட்கிழமை வந்தார். "மேடம், அந்த பர்ச்சேஸ் ஆர்டர் பாத்துட்டீங்களா?" என்று கேட்டார். இருபது வருஷத்துக்கு மேல் உமா என்று கூப்பிட்டவர். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை. வேலையிலிருந்து எடுக்கவில்லை, குறைவாக நடத்தவில்லை, என் பெண்ணின் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த 'மேடம்' என்ற அழைப்பு மட்டும் மாறவே இல்லை. சரியென்று தெரிந்து செய்த காரியத்துக்கும் இழப்பு உண்டு என்று எனக்கு யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை.

வேப்பம்பட்டு

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் ஆவடி தாண்டி ரயில் போய்க்கொண்டிருந்தபோது நீமாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ஒரு சுகாதார நிலையத்தின் பின்பக்கம். எங்கள் பெட்டி சுவரில் இருக்கிறது. முன்னால் ஏழெட்டுப் பேர், ஆணும் பெண்ணுமாக. நீமா அவர்களுக்கு மூன்றாம் பக்கத்தைத் திறந்து விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் விரல் எங்கே போகிறது என்று தெரிந்தது. இது சூடு. இது மோட்டார். இது வறண்ட கிணறு. நானும் கூடவே தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

திடீரென்று அவள் நான் சொல்லித்தராத ஒன்றைச் செய்தாள். குறைந்த வேகத்துக்கான எண்ணை நாங்கள் வைக்கச் சொன்ன அளவுக்கு வெகுகீழே கொண்டுபோனாள். மேகம் வந்து வேகம் அந்த அளவுக்குக் கீழே போனதும் எங்கள் பெட்டி பம்பை நிறுத்திவிடும். அவள் பெட்டி நிற்கவில்லை. முனகிக்கொண்டு ஓடியது. வெயில் திரும்பியதும் குழாயில் தண்ணீர் அந்த நொடியே கொட்டியது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வாசல் பக்கம் போய் போன் போட்டேன்.

"நீமா, அது என்ன? மேகம் வந்ததும் என்ன செய்தாய்?"

அவள் சிரித்தாள். "அதுவா? அது நாங்கள் கண்டுபிடித்தது. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் மேகம் வேகமாக வந்து வேகமாகப் போய்விடும். பம்ப் நின்று நின்று ஓடினால் மோட்டார் கெட்டுவிடுகிறது. அதனால் நிறுத்துவதில்லை. தண்ணீர் கீழே இறங்காமல் குழாயிலேயே நிற்கிற அளவுக்கு மட்டும் ஓட விடுகிறோம்."

"மோட்டார் சூடாகாதா?"

"ஆகும். அதற்கு இன்னொரு எண் இருக்கிறது. அப்படி எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற வரம்பு."

எங்கள் ஊர்க் கார்த்திகை மாத மேகமும் அப்படிப்பட்டதுதான். இத்தனை வருஷம் நானே எழுதிய பெட்டி. எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"எவ்வளவு வைத்தாய்?" என்று கேட்டேன். தேவைப்படாது என்று அவள் திருப்பிச் சொல்லியிருந்தாலும் நியாயம்தான்.

"எழுதிக்கொள்கிறீர்களா?" என்றாள்.

பையில் காகிதம் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் மாதாந்திர ரயில் பாஸின் நகலைக் கொடுத்தாள். அதன் பின்பக்கம் கதவோடு சாய்ந்து நின்று எழுதினேன். நீமா பொறுமையாக ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், ஏன் என்பதையும் சொன்னாள். நான் இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். நான் இறங்க வேண்டிய திருநின்றவூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அடுத்த ஸ்டேஷனான வேப்பம்பட்டில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்து, எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன்.

"எங்க இருக்க? ரயில் போய் இவ்வளவு நேரம் ஆச்சு."

"வேப்பம்பட்டுல."

"அங்க என்ன பண்ற?"

"உக்காந்திருக்கேன். பாடம் படிச்சுக்கிட்டு" என்றேன்.